யாருடைய பொறுமை?

கோசாம்பி மன்னன் உதயணனின் தேவியர் புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கினார்கள். துறவிக்கு இத்தனை எதற்கு என்று மன்னன் கேட்டதாக விநயபிடகம் சொல்கிறது. ஆடை நைந்துபோன துறவியருக்குப் பகிர்ந்து தருவோம் என்றார் ஆனந்தர். சரி, நைந்த ஆடைகளை என்ன செய்வீர்கள்? அவை படுக்கை விரிப்பாகும். பிறகு மெத்தை உறை, தரைவிரிப்பு, கால்மிதி, தூசி துடைக்கும் துணி. கடைசியில் இடித்து மண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம். மேசையில் இருக்கும் பழைய கணினியை வைத்துப் பொறுமையாக வேலை பாருங்கள் என்று ஊழியர்களிடம் சொல்லும் நிறுவனமும் இந்தச் சிக்கனத்தைத்தான் அறமாகக் காட்டுகிறது. ஆனால் ஆனந்தரின் விடையில், நைந்த துணியின் குறையைச் சுமப்பவர் எளிமையைத் தாமே விரும்பி ஏற்ற துறவி. துணிக்கும் அந்தந்த நிலையில் அதன் வலுவுக்கேற்ற வேலையே தரப்படுகிறது; கால்மிதியை யாரும் உடுத்தச் சொல்லவில்லை.

தாமே விரும்பி ஏற்பது, வலுவுக்கேற்ற வேலை ஆகிய இவ்விரண்டும் தவறினால் என்ன ஆகும் என்பதை 2017 மே 12 அன்று இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் கண்டன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ‘வான்னாக்ரை’ என்ற நச்சுநிரல், 236 மருத்துவ நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80-இன் பணிகளைக் குலைத்தது. 6,912 மருத்துவ முன்பதிவுகள் ரத்தானதாகப் பதிவாயிற்று. உண்மைத் தொகை 19,000-ஐத் தாண்டும் என்றும் மதிப்பிட்டார்கள். பழி உடனே விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய இயங்குதளத்தின் மீது விழுந்தது. ஆனால் தாக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்புத் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்தும் நிறுவப்படவில்லை. ஆக, குற்றம் முதுமையில் இல்லை, கவனிக்காமல் விட்டதில் இருக்கிறது. அதற்கு விலை கொடுத்தவரோ, திருத்தத்தைத் தள்ளிப்போட்ட அதிகாரி அல்லர்; அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருந்த நோயாளி.

நம் கையில் இல்லாததற்குக் கலங்காதிருப்பதே விவேகம் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். ஒரு காலத்தில் அடிமையாக வாழ்ந்த தத்துவஞானி எபிக்டெட்டஸ் அப்படித்தான் போதித்தார், அதில் பெருமை உண்டு. ஆனால் அது தன் மனத்தைக் காத்துக்கொள்ள ஒருவர் தாமே தேடும் வழி. உறைந்துபோன திரையின்முன் செவிலியர் அமைதி காக்கலாம். அந்த அமைதி நோயாளியின் முன்பதிவை மீட்டுத் தராது. மாற்றும் அதிகாரம் உள்ளவர், அது இல்லாதவரிடம் பொறுமையைக் கேட்கும்போது தம் கடமையைத்தான் அவர்மீது இறக்கிவைக்கிறார்.

அப்படியானால் எல்லாவற்றையும் தூக்கியெறிந்துவிடலாமா? இந்த மறுப்புக்கு வலு அதிகம். 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவைக் குவித்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது கால் பங்குக்கும் குறைவு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, நன்றாக ஓடும் எத்தனையோ கணினிகள் விண்டோஸ் 11-இன் நிபந்தனைகளுக்குப் பொருந்தாமல் ஒதுங்கின. அவற்றைக் குப்பைக்கு அனுப்பினால், அந்தச் சுமை டெல்லி சீலம்பூரில் கழிவைப் பிரிக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகிறது. அவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஆனந்தரின் படிவரிசைதான் இங்கே வழி: லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளத்தைப் போட்டால் தாங்குவது தாங்கட்டும், தாங்காததை இணையத்திலிருந்து துண்டித்து ஒரே ஒரு வேலைக்கு வைக்கலாம், அதற்கும் ஆகாததன் உதிரிபாகங்கள் வேறொன்றுக்கு உதவட்டும். எந்தக் கணினி எந்தப் படிக்கு வந்துவிட்டது என்பதை நாள் முழுதும் அதன்முன் உட்கார்ந்திருப்பவரே நன்கு அறிவார். கொள்முதல் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் அவரைக் கேட்டாக வேண்டும்.