செய்தி எந்த அளவை?

மதுரையில் 1942 நவம்பர் 1 அன்று சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’ நாளிதழ், பின்னர் ‘தினத்தந்தி’ என்ற பெயரில் தமிழ்நாடெங்கும் பரவி, பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்கும் இதழாக வளர்ந்தது. அதே குடும்பத்திலிருந்து 1977இல் ‘மாலை மலர்’ வந்தது. 2006இல் ‘ஹலோ எஃப்.எம்.’ ஒலிக்கத் தொடங்கியது. 2012இல் ‘தந்தி டிவி’ வந்தது. மதுரைக்குத் தெற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் அருப்புக்கோட்டை. அதையும் தாண்டினால் குண்டாற்றங்கரையில் திருச்சுழி. வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமிக்கு வெளியுலகம் பெரும்பாலும் மதுரையில் அச்சான தாள் வழியாகவே வந்து சேர்ந்தது. அப்படி வந்து சேர்வதை ‘அறிவு’ என்று சொல்லலாமா, சொன்னால் அது எந்த வகை அறிவு என்பது தத்துவக்காரர்களின் பழைய கேள்வி. பத்திரிகை பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதைக் கேட்டுவிட்டார்கள்.

தமிழில் அந்தக் கேள்விக்குப் பெயர் அளவை. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ பத்து அளவைகளைக் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அவற்றைச் சுருக்கி, காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். கண்ணால் கண்டது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உணர்வது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. சைவ சித்தாந்திக்கு உரை என்றால் முதலில் இறைவன் அருளிய ஆகமம்தான். அன்றாடப் பேச்சுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் நியாய தரிசனத்தார். ஆப்தன் சொல்லே சப்தப் பிரமாணம், அதாவது உரை அளவை, என்கிறது நியாய சூத்திரம். யார் ஆப்தன்? பொருளை நேரில் அறிந்தவன். அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புபவன். உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் இன்னும் ஒரு படி மேலே போய், ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் ஒன்றே என்றார். குலமும் சமயமும் இங்கே கணக்கில் வராது.

இந்த இலக்கணத்துக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி, தந்தை இறந்த பின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் இருந்து படித்தார். 1895 நவம்பரில் உறவினர் ஒருவரைச் சந்தித்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்க, அவர் அருணாசலத்திலிருந்து என்றார். அந்தப் பெயர் சிறுவனுக்குப் பழக்கமானதுதான்; ஆனால் ரயிலேறிப் போய்வரக்கூடிய ஓர் ஊர் அது என்பது அன்றுதான் தெரிந்தது. சொன்னவர் போய்வந்தவர், பொய் சொல்ல அவருக்கு முகாந்திரம் இல்லை. நியாய நூலார் கேட்கும் இரண்டு தகுதியும் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இருந்தன.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது நடந்தது இன்னும் சுவையானது. கையில் கிடைத்த பழைய அட்லஸில், திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று இருந்தது. அந்தப் படம் அச்சான பிறகு விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் பாதை போட்டுவிட்டார்கள். அட்லஸை நம்பித் திண்டிவனத்துக்கே சீட்டு வாங்கியிருந்தார். ரயில் பெட்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி, விழுப்புரத்தில் வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே போகலாம் என்று திருத்தினார். அச்சுத் தாள் தவறிய இடத்தில் மாற்று மதத்துப் பெரியவர் ஆப்தராக நின்றார். வாத்ஸ்யாயனர் எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி அருப்புக்கோட்டைப் பக்கத்தில் வேறு கிடைக்காது. அச்சேறியது என்பதாலேயே ஒரு சொல்லுக்கு அதிகாரம் வந்துவிடுவதில்லை என்பதற்கும் இதுவே சாட்சி. அட்லஸ் பொய் சொல்லவில்லை. அதற்கு வயதாகியிருந்தது, அவ்வளவுதான். செய்தித்தாளுக்கு அந்த வயது ஒரே நாளில் வந்துவிடுகிறது.

ஆதித்தனார் தாள் யாருக்காக வந்ததோ அவர்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள். பெரிய எழுத்து, குட்டி வாக்கியம், பேச்சு நடை, கோர்ட்டுச் செய்தி, கொலை, விபத்து. 1960இலிருந்து கன்னித்தீவு படக்கதை வேறு. லண்டனில் பாரிஸ்டர் படித்து, சிங்கப்பூரில் வக்கீல் தொழில் நடத்தியவர் இப்படி ஒரு தாளை நடத்தியதைப் படித்த வட்டாரம் இளக்காரமாகப் பார்த்ததுண்டு. அந்த இளக்காரம் நியாயமற்றது. படிக்கத் தெரியாதவனுக்கும் செய்தியில் பங்கு உண்டு என்று கருதிய தாள் அது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்க வாசிக்க, நான்கு பேர் காது கொடுக்கும் வழக்கம் அதனால்தான் வேரூன்றியது. போர்க்காலத்தில் காகிதம் கிடைக்காமல், வைக்கோலைக் கூழாக்கிக் கையாலேயே தாள் செய்து அச்சடித்தார்கள் என்று அந்த இதழின் தொடக்கத்தைப் பற்றிச் சொல்வார்கள். மணிமேகலையின் பத்தில் ‘ஐதிகம்’ என்று ஒன்று உண்டு. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் வழிவழியாகச் சொல்வதை ஏற்பது. செய்தி நிறுவனங்கள் தங்கள் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதைகள் பலவும் இந்த வகையோடு உறவு கொண்டவை.

டீக்கடைப் பெஞ்சுக்கு வரும் செய்தி எத்தனை கை மாறி வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். விபத்தைக் கண்டவர் போலீஸிடம் சொல்கிறார்; போலீஸ் நிருபரிடம்; நிருபர் அலுவலகத்துக்கு; உதவி ஆசிரியர் தலைப்புப் போட்டு அச்சுக்கு அனுப்புகிறார்; வாசிப்பவர் வாசிக்கிறார்; கேட்டவர் வீட்டில் போய்ச் சொல்கிறார். பொருளை நேரில் அறிந்தவர் இதில் முதல் ஆள் மட்டுமே. இஸ்லாமிய அறிஞர்கள் நபிமொழியைத் தொகுத்தபோது இதே சிக்கலைச் சந்தித்து, யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற சங்கிலியை ஒவ்வொரு மொழிக்கும் முன்னால் பெயரோடு எழுதினார்கள். ஒரு கண்ணி பழுதென்றால் மொழியே பலவீனமானது என்று ஒதுக்கினார்கள். நாளிதழ் இந்தச் சங்கிலியை அறுத்துவிட்டு, ‘நமது நிருபர்’ என்ற ஒன்றை வைத்தது. வேதத்துக்கு ஆசிரியரே இல்லை, ஆகையால் ஆசிரியரின் குற்றமும் அதில் ஒட்டாது என்று மீமாம்சகர்கள் வாதித்தார்கள். பெயரில்லாத செய்திக்கு அந்தச் சலுகையைத் தர எந்த மீமாம்சகரும் சம்மதித்திருக்க மாட்டார். ஆனால் வாசகர்கள் நடைமுறையில் தந்தார்கள்: ‘பேப்பர்லயே போட்டிருக்கான்’ என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

மீமாம்சகர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். வந்த அறிவு, அதை மறுக்கும் வேறொன்று வரும்வரை, தானாகவே செல்லும். ஒவ்வொன்றையும் முதலில் சோதித்துத்தான் ஏற்போம் என்றால் வாழவே முடியாது. நியாய நூலாருக்கு இது உடன்பாடில்லை. செல்லுபடியாகும் தன்மை வெளியிலிருந்து, பலன் தரும் செயலால்தான் உறுதிப்படும் என்றார்கள். கரிசல் காட்டு வாசகன் இரண்டு கட்சியிலும் இருக்கிறான். டெல்லிச் செய்தியில் மீமாம்சகன், மழைச் செய்தியில் நையாயிகன். தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்யும் என்று காலையில் வந்தால், சாயங்காலம் கண்மாயைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவான். அருப்புக்கோட்டையில் கொட்டித் தீர்த்த அன்று திருச்சுழியில் தூறல்கூட விழாமல் போவதுண்டு. செய்தியும் சரிதான், கண்மாய் வறண்டு கிடப்பதும் சரிதான்.

விலைச் செய்தி வேறு ஜாதி. நாளிதழ்களின் வணிகப் பகுதியில் ‘விருதுநகர் மார்க்கெட்’ நிலவரத்துக்கு நெடுங்காலமாக இடம் உண்டு: துவரம்பருப்பு, உளுந்து, வத்தல், மல்லி, நல்லெண்ணெய். மழையைப் பற்றி எழுதுவதால் மழை கூடுவதுமில்லை குறைவதுமில்லை. வத்தல் விலை ஏறும் என்று தாளில் வந்தாலோ, இருப்பு வைத்திருப்பவர் மூட்டையை வெளியே விடமாட்டார், விலை ஏறிவிடும். இங்கே சொல், பொருளை அறிவிப்பதோடு நிற்காமல் அதை உண்டாக்கவும் செய்கிறது. பழைய அளவை நூல்களின் உதாரணங்கள் பெரும்பாலும் பொருள் முன்னதாகவும் சொல் பின்னதாகவும் இருப்பவை. தேர்தல் கணிப்பும் வதந்தியும் விலைச் செய்தியின் பங்காளிகள். இவற்றைச் சொன்னவர் நேர்மையாளரா என்று மட்டும் கேட்டால் போதாது. சொன்னதால் என்ன நடந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

வானொலி வந்தபோது சொல்லுக்குத் தாளும் தேவையில்லாமல் போயிற்று. திருச்சி நிலையம் 1939இலும், திருநெல்வேலி 1963இலும், மதுரை 1987இலும் ஒலிக்கத் தொடங்கின. இடையில் தென் மாவட்டங்களில் இலங்கை வானொலி வீட்டுக்கு வீடு கேட்டது. புராணத்தில் அசரீரி பொய் சொல்வதில்லை. பெட்டிக்குள்ளிருந்து வந்த குரலுக்கும் அந்த மரியாதையில் கொஞ்சம் கிடைத்தது. ரமணர் நாளிதழ்களை ஒதுக்கியவர் அல்லர். ஆசிரமக் கூடத்தில் வானொலிப் பெட்டியும் இருந்தது. பெட்டி பாடுகிறது, பேசுகிறது, திறந்து பார்த்தால் உள்ளே யாருமில்லை. தாமும் அதுபோலத்தான் என்று அவர் சொன்னதாக அன்பர்கள் குறித்திருக்கிறார்கள். ஞானிக்கு அது பொருந்தும்: பேசும் ‘நான்’ கரைந்தவரிடம் ஆசையால் வரும் பொய்க்கு இடமில்லை. நிறுவனத்துக்குப் பொருந்தாது. அதன் பெட்டிக்குள் உரிமையாளர், விளம்பரதாரர், உரிமம் தரும் அரசு என்று ஆட்கள் நிறையவே உண்டு.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. தனியார் பண்பலைகள் வந்த பிறகும் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கும் உரிமை அவற்றுக்குத் தரப்படவில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி மறுஒலிபரப்பும் ஏற்பாடுகூட 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரே குழுமம் ஒரே வாக்கியத்தைத் தாளில் அச்சிடலாம், தொலைக்காட்சியில் உரிமத்தோடு வாசிக்கலாம், பண்பலையில் மட்டும் சொல்லக் கூடாது. காதில் விழும் சொல், கண்ணில் படும் சொல்லைவிட எளிதில் நம்பப்படும் என்ற அச்சம் இதற்குள் இருக்கலாம். ஆனால் படத்தோடு வரும் குரலை அனுமதித்துவிட்டுப் படமில்லாத குரலைத் தடுப்பதற்கு எந்த அளவை நூலிலும் காரணம் கிடைக்காது. தாளும் தொலைக்காட்சியும் கைபேசியும் ஒரே செய்தியைத் திருப்பித் திருப்பிச் சொல்லும்போது கேட்பவருக்குப் பல சாட்சிகள் கூடிவிட்டதாகத் தோன்றுகிறது. ஒரே கூடத்திலிருந்து கிளம்பிய குரல்கள் எத்தனை வழியாக வந்தாலும் நியாய நூலாரின் கணக்கில் அது ஒரே சாட்சி. விழுப்புரத்தில் மாறச் சொன்ன மௌல்வியைப் போல வேறு வழியில் வந்த ஒருவர் சேர்ந்தால்தான் இரண்டாகும்.