தேவாங்கும் குண்டுக்கரிச்சானும்

விழுப்புர மாவட்டத்துக் கடற்கரையூராகிய கோட்டக்குப்பத்தின் தோப்புக்களில், இளவேனில் வைகறையிலே குண்டுக்கரிச்சான் பாடக் கேட்போர் சிறிது நின்று செல்வர். கருமையும் வெண்மையும் விரவிய அச்சிறு பறவையை விரும்பாதார் அரியர். தேவாங்கோ அப்பேறு பெறாதது. கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் வாழும் அவ்வுயிர், ஒரு சாண் அளவினதாய், வாலின்றி, மெலிந்த கைகால்களும் பெரிய விழிகளும் உடையதாய், இரவில் கிளைகளில் மெல்ல ஊர்ந்து பூச்சிகளை உண்பது. மெலிந்தாரை இகழ்வோர் அதன் பெயரையே வசையாக்குவர். அதனைக் காண்டல் தீநிமித்தம் என்பாரும், சூனியத்திற்கென அதனைக் கொல்வாரும் உளர்.

இவ்விரண்டனுள் உயர்ந்தது யாது? தனுகரணாதிகள் வினைக்கீடாக இறைவனாற் கூட்டப்படுவன. குரலும் விழியும் கருவிகளே. உள்ளே ஒளியை மீளச் செலுத்தும் படலம் உண்மையால் தேவாங்கின் கண் சிற்றொளியிலுங் காணும். ஒளி அறவே இல்வழி அதுவும் காணாது. பாடும் பறவையின் குஞ்சும் மூத்தவற்றின் பாட்டைக் கேட்டே பாடப் பயிலும். ஒன்று காட்டக் காண்பது. மற்றொன்று கேட்பிக்கக் கற்பது. அறிவிக்க அறியும் உயிரியல்பு ஈரிடத்தும் ஒன்றே. ஆதலின் உயர்வு தாழ்வு நம் விருப்பு வெறுப்பால் விளைந்தனவன்றி வேறல்ல.

வெறுக்கப்பட்ட தேவாங்கு கொல்லப்படுகின்றது. விரும்பப்பட்ட பறவை சிறைப்படுகின்றது. சிங்கப்பூரில் 1970-களில் குண்டுக்கரிச்சான் மிக அருகியதற்குக் கூட்டில் வளர்க்கப் பிடித்தமையும் ஒரு காரணம். அன்பினால் வளர்ப்பது குற்றமோ எனின், பறப்பதனை அடைத்துத் தன் செவிக்கு விருந்தாக்குதல் அன்பன்று, எனதென்னும் பற்றே.

அவ்வுயிர் தன் வினைப்பயனை நுகர்கின்றது, நாம் இடைப்புகுவது எற்றுக்கு எனின், வினைப்பயனைக் கூட்டுவிப்பான் இறைவன். அவன் செயலை நம் கொடுமைக்குத் திரையாக்குதல் பெரும்பிழை. பிறவுயிர்க்குச் செய்யும் இடர் செய்தான்மாட்டு ஆகாமியமாய் ஏறும்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டனையும் காக்கின்றது. 2022-இல் தமிழ்நாட்டரசு கடவூர்ப் பகுதியில் 11,800 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டைத் தேவாங்குக்குரிய சரணாலயமாக்கிற்று. இவை கையைத் தடுப்பன; நெஞ்சைத் திருத்துதல் சமயத்தின் கடன். மெய்கண்டார் விளங்கிய திருவெண்ணெய்நல்லூரும் கோட்டக்குப்பம் அடங்கிய அம்மாவட்டத்ததே. அவர் நூலை ஓதும் நாம், இன்குரலுக்கு ஒரு நீதியும் மெலிந்த உடம்பிற்கு ஒரு நீதியும் வைப்போமாயின், ஓதியது நாவளவே யாகும்.