கோத்திரம் கேட்கும் கேள்வி

தாமாகவே ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டு, பெற்றோர் அறியுமுன் சில மாதம் பழகிப் பார்த்து, மனம் ஒத்தால் மணம் என்ற எண்ணத்தோடு சந்தித்துவரும் இக்காலத்து இளைஞர் இருவரில், பெண்ணானவள் ஒருநாள், தன் உதட்டோரத்தில் ஆண்டுக்கு இரண்டொரு முறை நீர்க்கொப்புளங்கள் எழுந்து பத்து நாளில் காய்ந்து உதிர்வதுண்டென்றும், அது ஹெர்பிஸ் என்னும் வைரஸால் வருவதென்றும், முத்தத்தினால் பரவக்கூடியதாகையால் நம் நெருக்கம் மேலும் வளர்வதற்கு முன்பே நீங்கள் இதை அறிந்திருப்பது நியாயமென்றும் சொல்லிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேட்கிறவன் கெட்டவனல்லன், படித்தவன், பண்புள்ளவன், சாதி சமய பேதங்களைத் தாண்டிவிட்டதாகத் தன்னைப்பற்றி நினைத்திருப்பவன். ஆயினும் அவன் நாவில் முதலில் எழும் வார்த்தை, பெரும்பாலும், "இது உனக்கு யாரிடமிருந்து வந்தது?" என்பதே. எப்போது வரும், எத்தனை நாள் இருக்கும், மருந்துண்டா என்பனவெல்லாம் பின்னால் வருகின்றன, அல்லது வராமலே போகின்றன. பார்வைக்கு வைத்தியம் சம்பந்தப்பட்டதாகத் தோன்றும் இந்த முதற் கேள்வி உண்மையில் சமயம் சம்பந்தப்பட்டது என்பதும், அதற்கு நம் முன்னோரில் ஒருவர் முன்னமே விடை கண்டிருக்கிறார் என்பதும் என் துணிபு.

வைத்திய சாஸ்திரத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அது கையை விரித்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில், ஐம்பது வயதுக்குட்பட்ட மனிதரில் ஏறக்குறைய 380 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு அறுபத்து நான்கு பேர், ஹெர்பிஸ் வைரஸின் முதல் வகையைச் சரீரத்தில் சுமந்துகொண்டிருந்தனர். அவர்களில் மிகப் பலர் அதைப் பெற்றது வாலிபத்தின் காதல் விளையாட்டிலன்று. பாட்டியோ அத்தையோ தூக்கிக் கொஞ்சி முத்தமிட்ட குழந்தைப் பருவத்திலேயே அது வந்து சேர்ந்துவிடுகிறது. வந்த கிருமி, முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுபோகும் முப்பிரிவு நரம்பின் அடிமுடிச்சில், மண்டையோட்டுக்குள், ஓசையின்றிக் குடியேறிவிடுகிறது. காய்ச்சலோ, கடும் வெயிலோ, உறக்கமின்மையோ, மனக்கலக்கமோ, மாதவிலக்கோ தூண்டும்போது அதே நரம்பின் வழியாக இறங்கி உதட்டில் தோன்றி, மறுபடியும் ஏறிப் பதுங்கிக்கொள்கிறது. எத்தனையோ பேருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு கொப்புளம்கூடத் தோன்றுவதில்லை. அவர்கள் உமிழ்நீரிலும் அது இடையிடையே, எவ்வித அறிகுறியுமின்றி, வெளிப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே, கேள்வி கேட்ட அந்த இளைஞனும் அதைச் சுமப்பவனாயிருத்தல் கூடும். இல்லை என்பதைவிட உண்டு என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

சோதனைச்சாலைக்குச் சென்று இரத்தத்தைக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாமே எனின், கொடுக்கலாம்தான். அந்தச் சோதனை, உடம்பு இக்கிருமியை எப்போதோ ஒருகால் எதிர்த்து நின்றதற்கு அடையாளமான பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. எந்த வயதில், எந்த இடத்தில், எவருடைய ஸ்பரிசத்தால் என்னும் மூன்றையும் அது சொல்லாது; சொல்லவும் இயலாது. யாரிடமிருந்து என்ற கேள்விக்குப் பிரமாணத்தோடு கூடிய விடை அநேகமாக உலகத்தில் எங்குமே கிடையாதென்று அறிந்த பிறகும் ஒருவன் அதையே திரும்பத் திரும்பக் கேட்பானாகில், அவன் தேடுவது நோயின் மூலத்தை அன்று, அவளுடைய பூர்வ சரித்திரத்தைத்தான் என்று நாம் ஊகிப்பது தவறாகாது.

இக்கொப்புளத்தைக் களங்கமாகக் கருதும் இந்த வெட்கம் இவ்வுருவில் நம்மிடம் பழமையானதும் அன்று. இதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொன்று, சிறுவயதில் அம்மையாக வந்து நரம்பில் தங்கி முதுமையில் கொப்புளப் பட்டையாக வெளிப்படும்போது, நம் ஊர்களில் அதை அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டுக்குப் போய்க் காவிமண்ணைக் குழைத்து உடம்பின்மேல் எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுதிய உடம்போடு திண்ணையில் உட்கார்ந்தும் இருந்தார்கள். அக்கி வந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் என்று எவரும் சொன்னதாக நான் கேட்டதில்லை. உதட்டில் வரும் கொப்புளத்தையும் உடம்புச் சூடு என்று சொல்லி மோரைக் கொடுத்து விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டைம் பத்திரிகை, மறைவிடத்தைத் தாக்கும் ஹெர்பிஸைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டபோது, விபசாரக் குற்றம் சுமத்தப்பட்ட பெண்ணின் மார்பில் சிவப்பெழுத்தைத் தைத்து வைக்கும் கதையான ஹாதார்னின் நாவலை நினைவூட்டும் தலைப்பை இட்டு, நோயாளிகளை ஒரேயடியாகப் பாவிகளாக்கிவிட்டது. அதே ஆண்டில்தான், ஜெர்ட்ரூட் எலியனின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து பிறந்த அசைக்ளோவிர் என்னும் மருந்து அந்நாட்டில் களிம்பாக விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. அந்த அம்மையாருக்கு 1988இல் நோபல் பரிசும் கிடைத்தது. மருந்து அங்கிருந்து நம்மிடம் வந்தது போலவே வெட்கமும் வந்தது. உதட்டுக் கொப்புளத்துக்கும் சேர்த்தே வந்துவிட்டது என்பது வருத்தத்துக்குரிய விஷயம்.

ஆயினும், மணத்துக்கு முன் குறையைச் சொல்லவேண்டும் என்ற கட்டளை மேல்நாட்டிலிருந்து வந்ததன்று. மனுவின் தர்மசாஸ்திரம், குறையுள்ள கன்னிகையை அக்குறையை மறைத்துத் தானம் செய்பவனுக்கு அரசன் தொண்ணூற்றாறு பணம் தண்டம் விதிக்கவேண்டும் என்கிறது. கௌடில்யரோ, பெண்ணின் குறையை மறைத்தவனுக்கு அதே தொண்ணூற்றாறு பணமும், மாப்பிள்ளையின் குறையை மறைத்தவனுக்கு அதில் இருமடங்கும் விதிக்கிறார். அந்தப் பிராமணருடைய நியாய புத்தியை இந்த ஓரிடத்திலேனும் நான் மனமாரப் புகழ்வேன். ஆனால் மனுவின் விதி எந்த இடத்தில் அமைந்திருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். பொருளை வாங்கியவனும் விற்றவனும் மனம் மாறினால் பத்து நாளுக்குள் திருப்பிக்கொடுக்கலாம், திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று கிரய விக்கிரயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, அதன் தொடர்ச்சியாகவே கன்னிகையின் குறையைப் பற்றி அந்நூல் பேசத் தொடங்குகிறது. அங்கே சொல்பவன் விற்பவன், கேட்பவன் வாங்குபவன், சொல்லப்படுகிறவளுக்குப் பேச்சே இல்லை. நம் இளைஞனின் முதற் கேள்வி, அவன் அறிந்தோ அறியாமலோ, அந்தக் கடைத்தெருவில் நின்றுதான் கேட்கப்படுகிறது. அவனெதிரில் நிற்பவளோ தன் பொருட்டுத் தானே பேசுகிறவள். அவளுக்கு அந்தத் தெருவில் இடமில்லை.

அவளுக்கு இடம் சாந்தோக்கிய உபநிஷத்தில் இருக்கிறது. ஜபாலை என்ற ஒருத்தியின் மகன் சத்தியகாமன், வேதம் கற்க விரும்பி, தான் எந்தக் கோத்திரம் என்று தாயைக் கேட்கிறான். இளமையில் பல இடங்களில் பணிவிடை செய்து திரிந்த காலத்தில் உன்னைப் பெற்றேன், உன் கோத்திரம் எனக்குத் தெரியாது, என் பெயர் ஜபாலை, உன் பெயர் சத்தியகாமன், ஆகையால் சத்தியகாம ஜாபாலன் என்று சொல்லிக்கொள் என்கிறாள் அவள். கௌதமர் என்ற ஆசிரியரிடம் சென்ற சிறுவன், அவர் கோத்திரத்தைக் கேட்டபோது, ஒரு சொல்லையும் மாற்றாமல், ஒரு சொல்லையும் மறைக்காமல், தாய் சொன்னதைச் சொல்லிவிடுகிறான்.

இவ்விடத்தில் கௌதமர் என்ன செய்யவில்லை என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். உன் தாய் யார் யார் வீட்டில் வேலை செய்தாள் என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஐயோ பாவம் என்று இரங்கவில்லை. பரவாயில்லை, மன்னித்தேன் என்று பெருந்தன்மை காட்டவுமில்லை. மன்னிப்பதற்கு அங்கே குற்றம் ஏதும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பிராமணனல்லாதவன் இவ்வாறு சொல்லமாட்டான் என்று கூறி, வேள்விக்குரிய விறகான சமித்தைக் கொண்டுவா, உனக்கு உபநயனம் செய்கிறேன், நீ சத்தியத்திலிருந்து வழுவவில்லை என்கிறார். அவருடைய வாக்கியத்தில் பிறப்பின் பெருமை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இக்காலத்தவர் குறை சொல்லலாம். சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனாலும், எந்தக் கேள்விக்கு விடை தெரியாது என்று சிறுவன் சொன்னானோ, அந்தக் கேள்விக்குரிய விடையாக அப்படிச் சொன்ன நேர்மையையே அவர் ஏற்றுக்கொண்டார். யாரிடமிருந்து வந்தது என்று கேட்பவனுக்கு, தெரியாது, மூன்று வயதில் யார் முத்தமிட்டார்களோ என்று ஒரு பெண் விடை சொல்வாளாகில், அவள் சொல்வது ஜபாலை சொன்னதேயாகும். அதற்கு அப்பால் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. வாலிபத்தில் முன்பொருவனை நேசித்து அவனிடமிருந்து பெற்றதாகவே இருக்கட்டும். ஜபாலையின் சொல்லில் அதற்கும் இடமிருக்கிறது, கௌதமர் அதையும் கேளாமலே சமித்தைக் கேட்டார்.

இனி, எச்சில் என்று நாம் அஞ்சும் அச்சத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். செம்பை அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை நம்மில் பலர் ஆசாரம் என்று காத்துவந்தார்கள். இந்தக் கிருமியைப் பற்றி ஒன்றும் அறியாமலே அதற்கு ஒரு சிறிய தடையையும் அவர்கள் போட்டுவைத்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வீட்டில், வந்தவர் போனவரெல்லாம் தொட்டில் குழந்தையை எடுத்து வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுவதை எவரும் தடுத்ததில்லை. உண்மையில் தடுக்கவேண்டியது அதுவே. பிறந்து சில வாரங்களேயான சிசுவுக்கு இவ்வைரஸ் உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும். ஆசாரம் என்பது ஆபத்தைக் கண்டு அஞ்சுவதைவிட அந்நியரைக் கண்டு அஞ்சுவதிலேயே அதிகக் கருத்தாயிருக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம். சேக்கிழார் காட்டும் கண்ணப்பர், வாயில் முகந்து வந்த நீரால் காளத்தியப்பரை ஆட்டி, பல்லால் மென்று சுவை பார்த்த இறைச்சியைப் படைத்தபோது, அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார் துடித்துப்போய்ப் பிராயச்சித்தம் செய்தார். இறைவனோ கனவில் வந்து, அந்த வேடனுடைய வாய்நீரே தமக்கு உவப்பு என்று அவருக்கு உணர்த்தினார். பக்தி கிருமியைக் கொல்லும் என்று இதைக்கொண்டு யாரும் வாதிக்கவேண்டாம், அது கொல்லாது. வேண்டியவர் வாய்நீருக்கும் வேண்டாதவர் வாய்நீருக்கும் நாம் காட்டும் பேதம் நீரில் இல்லை என்ற அளவுக்கே அக்கதையை இங்கே கொண்டுவந்தேன்.

அப்படியானால் அவள் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்ற ஆட்சேபம் எழும். நூற்றுக்கு அறுபத்து நான்கு பேர் சுமப்பதை ஒருத்தி மட்டும் ஏன் சொல்லவேண்டும், அறியாதவர் நிம்மதியாயிருக்க அறிந்தவள் தலையில் மட்டும் பாரத்தை ஏற்றுவது நியாயமா என்ற கேள்வி மிகவும் வலியது; அது முழுதும் நியாயம் என்று என்னால் சொல்ல இயலவில்லை. ஆனால் வள்ளுவர், வாய்மை என்ற அதிகாரத்தைத் தொடங்கும்போதே, உண்மையைத் தீமையின்மையோடு சேர்த்தே இலக்கணம் சொல்லிவிடுகிறார். அவள் சொல்வதற்குக் காரணம் பாவம் தீரவேண்டும் என்பதன்று, இவனுக்கு நோவு வரக்கூடாது என்பது. ஆகையால் அவள் தலைகுனிந்து சொல்லவேண்டியதில்லை, அழுதுகொண்டு சொல்லவேண்டியதும் இல்லை. பாவத்தை அறிக்கையிடுகிற தொனியில் சொல்லப்பட்டால், கேட்பவன், விரும்பாவிட்டாலும், நியாயாதிபதியின் ஆசனத்தில் ஏறிவிடுகிறான். மனிதரை அந்த ஆசனத்தில் ஏற்றிவிட்டு இறக்குவது கடினம். ஒருகால் அவளே அந்தத் தொனியில் சொல்லிவிட்டாலும், ஏற மறுப்பது அவன் கடமை. சொன்னவளுடைய தர்மத்தைவிடக் கேட்டவனுடைய தர்மம் கடினமானது என்று நான் கருதுவது இதனாலேயே.

அவன் விலகிக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எவரையும் எக்காரணத்துக்காகவும், காரணமேயின்றியும், மணக்காமலிருக்க ஒருவனுக்கு உரிமை உண்டு. அச்சம் ஒரு குற்றமும் அன்று. விலகுவதானால், நான் அஞ்சுகிறேன் என்று தன் அச்சத்தின் பெயரால் விலகவேண்டுமேயன்றி, நீ அசுத்தம் என்று அவள் பெயரால் விலகக்கூடாது. அவள் நம்பிச் சொன்ன அந்தரங்கத்தை நண்பரிடத்தும் தாயிடத்தும் கொண்டுபோய் இறைக்கவும் கூடாது. விலகாமலிருப்பதானால், அவன் சொல்லவேண்டிய சொல் கௌதமரின் சமித்தைப் போன்ற காரியச் சொல்லாகத்தான் இருக்கவேண்டும்: அது எப்போது வரும், வந்தால் நாம் என்ன செய்யவேண்டும் என்பதே அது. உதடு சுரீரென்று குறுகுறுக்கத் தொடங்கிய நாள்முதல் புண் முற்றும் ஆறும்வரை முத்தமும் வாயால் கொள்ளும் ஏனைய நெருக்கமும் கூடாது, ஏனெனில் அவற்றால் இவ்வைரஸ் மறைவிடத்துக்கும் பரவும்; தம்ளரும் துவாலையும் தனியே இருக்கட்டும்; புண்ணைத் தொட்ட விரலால் கண்ணைத் தொடலாகாது; அடிக்கடி வருமானால் வைத்தியரைக் கேட்டு அசைக்ளோவிர் மாத்திரையைக் குறுகுறுப்பின்போதே தொடங்கிவிடலாம்; புண்ணில்லாத நாளிலும் சிறிது அபாயம் உண்டென்பதை இருவரும் அறிந்து ஏற்றுக்கொள்ளவேண்டும். இவ்வளவும் பேசி முடிக்க அரைமணி நேரத்துக்குமேல் ஆகாது. அதற்குப் பின் அவர்களுக்குள் மணம் நடக்கிறதோ இல்லையோ, அது எந்த ஊரில் குடியிருப்பது, யார் சம்பளத்தில் யார் பெற்றோரைக் காப்பது, கோபம் வந்தால் யார் முதலில் பேசுவது என்பன போன்ற, இதைக்காட்டிலும் எவ்வளவோ பெரிய விவகாரங்களைப் பொறுத்தது.