தம்பி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓடு

மார்கழி விடியலில் தஞ்சாவூரைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். வல்லம் ரோடு, ஒரத்தநாடு ரோடு, கல்லணைக் கால்வாய்க் கரை என்று எங்கும் நான்கு மணிக்கே காலடிச் சத்தம் கேட்கிறது. போலீஸ் செலக்‌ஷனில் பையன்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தாக வேண்டும். ராணுவத்தில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். பகலில் காலேஜோ கடை வேலையோ இருக்கும், இல்லாவிட்டால் வயல் வேலை. விடிவதற்கு முன் ஓடாமல் வேறு எப்போது ஓடுவது? ஓடாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடு. ஆனால் ஓடுகிற விதத்தை நாளைக் காலையிலேயே மாற்று.

கறுப்பு டீ-ஷர்ட், கறுப்பு டிராக், காதில் இயர்போன், ரோட்டின் இடது ஓரம். பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்தக் கோலத்தில்தான் ஓடுகிறீர்கள். லாரியின் விளக்கு உன் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால், நீயும் டிரைவர் கண்ணுக்குத் தெரிவாய் என்று நினைத்துக்கொள்கிறாய். தெரிய மாட்டாய். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடுகிறது. கறுப்புத் துணியில் இருக்கிறவன் இருபது முப்பது மீட்டருக்குள் வந்த பிறகுதான் நிழல்போல் தட்டுப்படுவான். டிரைவர் கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்த இடத்தை வண்டி கடந்திருக்கும். மூடுபனி இறங்கிய நாளில் கேட்கவே வேண்டாம்.

2024 ஜூலையில் செங்கிப்பட்டிக்குப் பக்கத்தில் வளம்பக்குடியில் நடந்தது மறந்துவிட்டதா? சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போய்க்கொண்டிருந்தவர்கள் மீது விடிவதற்கு முன் சரக்கு வண்டி ஏறி ஐந்து பேர் செத்தார்கள். அவர்கள் கூட்டமாகப் போனவர்கள். நீ தனியாக ஓடுகிறாய். அது ஆடி மாதம், இது பனிக்காலம்.

அதனால் முதல் வேலையாகக் கறுப்பைக் கழற்று. வெள்ளைச் சட்டை வீட்டில் இல்லாமல் இருக்காது. அதன் முதுகிலும் ஷூவின் பின்பக்கத்திலும் ஒளிர்கிற ஸ்டிக்கர் ஒட்டு. சைக்கிள் கடையில் கிடைக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் வரும் வண்டியின் வெளிச்சம் பட்டாலே அது மின்னும். நடைபாதை இல்லாத ரோட்டில் வலப்பக்கம் ஓடு; எதிரே வருகிற வண்டி உன் கண்ணெதிரே வரும், ஒதுங்க நேரம் இருக்கும். இயர்போன் வேண்டாம். திருச்சி நான்குவழிச் சாலையில் மட்டும் எந்தப் பக்கமும் ஓடாதே.

தை பிறந்தால் ரோடே மாறிவிடும். சம்பா அறுவடைக்குக் கிளம்பும் அறுப்பு மெஷின் முக்கால் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் பின்விளக்கு எரியாத டிராக்டரும் லாரியும் வரிசைகட்டி நிற்கும். ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டு, தார்ப்பாயின் ஓரத்தில் கருங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். விவசாயி கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. களம் போதவில்லை, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கத் தயங்குகிறார்கள். ஆனாலும் ராத்திரிக்குள் அந்தக் கல்லை எடுத்துவிடுங்கள் ஐயா. பைக்கில் வருகிறவனுக்கும் ஓடி வருகிற பிள்ளைக்கும் அது தெரியாது.

ரோடு வேண்டாமென்று ஆற்றங்கரைக்கும் வரப்புக்கும் போகிறவர்களே, அங்கேயும் டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல்தான் மூடுவார்கள். அதுவரை வாய்க்காலில் தண்ணீர் ஓடும். பனியில் நனைந்த கரை வழுக்கும். எலி இருக்கும் வயலில் கண்ணாடி விரியன் இருக்கும், கட்டுவிரியன் இருக்கும். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது; எறும்பு கடித்ததாக நினைத்து வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார்கள். கடித்தது என்ன என்று சந்தேகம் வந்தாலே போதும், கயிறு கட்டாதே, கீறாதே, மந்திரிக்கப் போகாதே. காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போ.

கிளம்பும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் குன்றுகளிலும் கரம்பு மேடுகளிலும் நீண்ட ஓட்டப் போட்டி நடத்துகிறார்கள். மழையுடை, வரைபடம், திசைகாட்டி, விசில், கொஞ்சம் தின்பண்டம் இவை இல்லாதவரைப் பல போட்டிகளில் கிளம்பவே விடுவதில்லை. எவ்வளவு பெரிய ஓட்டக்காரராக இருந்தாலும் பையைத் திறந்து காட்டத்தான் வேண்டும். நமக்கு மலையும் இல்லை, உறைபனியும் இல்லை. ஆனால் விசில் வாங்கக் காசு இருக்கிறது. எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக வாய் இருக்கிறது. தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். தனியாகப் போகாதே, இரண்டு மூன்று பேராகப் போ.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று. ஊருக்குள் நுழையும்போதாவது ஹைபீமை இறக்குங்கள். யாரையாவது இடித்துவிட்டால் ஓடிவிடாதீர்கள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை அரசு 2021-இல் தொடங்கியது. வழியில் பார்த்து உதவிக்காகத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ப்பவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. பிறகு ஏன் பயந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறோம்?

எனக்கு உண்மையான கோபம் பயிற்சி அகாடமி நடத்துகிறவர்கள்மீதுதான். முப்பது பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு, இருட்டில் மெயின் ரோட்டில் அவிழ்த்துவிடுவதற்குப் பெயர் பயிற்சியா? பின்னால் இண்டிகேட்டர் போட்ட பைக் ஒன்றாவது வரட்டும். டவுனில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. அங்கே அழைத்துப் போங்கள். கிராமத்தில் என்ன செய்வது என்கிறீர்களா? ஊருக்கு ஒரு பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது, அதன் கேட் பூட்டிக்கிடக்கிறது. தலைமையாசிரியர்களே, ஊராட்சி நிர்வாகத்தினரே, மார்கழியிலும் தையிலும் காலை நான்கு மணிக்கு அந்தக் கேட்டைத் திறந்து ஒரு விளக்கைப் போட்டுவிடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள்.