பெர்தாம் ஆறும் கலசத்துக் கங்கையும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள கேமரன் மலைப் பகுதியில், பிரிஞ்சாங் மலையின் சாரலில் கசியும் ஊற்றுகள் ஒன்றுகூடிப் பெர்தாம் ஆறாகின்றன. தானா ராத்தா, ஹாபு, ரிங்லெட் எனத் தெற்கே இறங்கி, பிறகு காட்டுப் பள்ளத்தாக்குகளைக் கடந்து அது ஜெலாய் ஆற்றோடு சேர்கிறது. ஜெலாயும் தெம்பெலிங்கும் கூடுமிடத்தில் பகாங் ஆறு பிறக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மிக நீளமான அந்த ஆறு பெக்கான் அருகே தென்சீனக் கடலில் கலக்கிறது. பெர்தாம் ஒரு கிளையாற்றின் கிளையாறு. எந்தத் தலபுராணமும் அதன் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் கேமரன் மலைத் தமிழர்களுக்குத் தீர்த்தம் என்பது பெரும்பாலும் இந்த ஆறும் இதில் வந்து விழும் ஓடைகளுமே.

ஜே. ஏ. ரசல் 1929இல் நிறுவிய போ தேயிலை நிறுவனம் ஹாபுவுக்கு அருகே காட்டை அழித்துத் தோட்டம் போட்டது. கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்தே தமிழர்கள் மலாயாவுக்கு மிகுதியாகப் புறப்பட்டார்கள். காவிரி அல்லது பாலாறு என்ற சொல் அவர்கள் வீட்டில் ஊர்ப்பெயரைப் போலப் புழங்கியிருக்கும். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மனுக்கோ முருகனுக்கோ கோயில் எழுந்ததும், அந்தக் கோயிலுக்கு எது தீர்த்தம் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே எண்ணும் மரபில், மூன்றாவதை ஊரிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவர முடியாது.

புனிதம் நீரிலேயே இருக்கிறதா, அழைப்பதால் அதற்கு வருகிறதா? சைவ மரபு இரண்டு விடைகளையும் தன்னுள் வைத்திருக்கிறது. கங்கையும் காவிரியும் இயல்பிலேயே தூயவை என்பது ஒன்று. பூசைக்கு எடுத்த எந்த நீரிலும் அவற்றை எழுந்தருளச் செய்யலாம் என்பது மற்றொன்று. நூல் சுற்றிய குடத்தில் நீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து, கூர்ச்சம் இட்டு, கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி என ஏழு நதிகளையும் குருக்கள் பெயர் சொல்லி அழைக்கிறார். அந்த ஏழில் சரஸ்வதியைக் கண்ணால் கண்டவர் இல்லை. பவானி காவிரியோடு கூடும் கூடுதுறையிலும் அமுதநதி என்னும் மூன்றாவது ஆறு கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்வதாகவே நம்புகிறார்கள். காணாத நதியையும் கூட்டிச் சேர்க்கும் பழக்கம் தாயகத்திலேயே இருந்தது. கடல் கடந்தவர்கள் அதைப் புதிதாக உண்டாக்கவில்லை.

இந்தச் செயலின் நடுவே இருப்பது குடம். அகத்தியர் கமண்டலத்தில் அடங்கியிருந்த காவிரியை விநாயகர் காக்கை வடிவில் வந்து கவிழ்த்துவிட்டதாகக் கந்தபுராணம் கூறுகிறது. காவிரியே பாத்திரத்தில் சுமந்து வரப்பட்டு ஓடத் தொடங்கிய ஆறு என்று சொல்லும் சமூகத்துக்கு, ஒரு செம்புக்குள் நதியை வரவழைப்பது அந்நியமான எண்ணமாக இருக்க முடியாது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இது இன்னும் நேரடியாக நடக்கிறது. ஆற்றங்கரையில் கரகம் பாலித்து, வேப்பிலையும் பூவும் சூட்டி, மேளத்தோடு கோயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். வடமொழி மந்திரம் அறியாத கரகக்காரர் செய்வதும் குருக்கள் செய்வதும் அடிப்படையில் ஒன்றுதான்.

அழைப்பு நீருக்கு ஏதோ ஒன்றைப் புதிதாகச் சேர்க்கிறது என்று எடுத்துக்கொண்டால் சிக்கல் வருகிறது. பூசை முடிந்து, வந்த இடத்துக்கே திரும்பும்படி வேண்டும் யதாஸ்தானம் சொன்னதும் அது போய்விடும், பிறகு நீர் வெறும் நீர் என்றாகிவிடும். இங்கே சிவஞானபோதம் செய்த மெய்கண்டாரின் உவமை உதவுகிறது. இறைவன் எங்கும் இருக்கிறான். பிற இடங்களில் பாலில் நெய்போல மறைந்தும், அடியார் திருவேடத்திலும் கோயிலிலும் தயிரில் நெய்போல விளங்கியும் நிற்கிறான் என்பது சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தை ஒட்டிய விளக்கம். அதைத் தீர்த்தத்துக்கும் நீட்டினால், நதியை அழைத்து எழுந்தருளச் செய்யும் ஆவாகனம் என்பது பாலைத் தயிராக்கும் செயல். பாலில் நெய் முன்பே இருந்தது. அப்பர் இதையே வேறு பக்கத்திலிருந்து கேட்டார்: ஈசன் எங்கும் இருக்கிறான் என்று உணராதவர் கங்கையில் மூழ்கி என்ன, காவிரியில் மூழ்கி என்ன என்பது அவர் தேவாரத்தின் கருத்து. அந்தச் சொல், காவிரியைப் பார்த்தே இராத மலைத்தோட்டத்துப் பேரனுக்குப் பெரிய ஆறுதலாக அமைகிறது.

வெளிநாட்டு இந்துக்கள் எல்லோரும் இந்த விடையோடு நின்றுவிடவில்லை. மொரிஷியஸில் 1972இல் கங்கை நீரைக் கொண்டுவந்து கிராண்ட் பாசின் ஏரியில் ஊற்றினார்கள். அந்த ஏரி கங்கா தலாவ் ஆயிற்று. பத்துமலையிலோ தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர்கள் சுங்கை பத்துவில் நீராடிவிட்டுப் புறப்படுகிறார்கள். அது கோம்பாக் ஆற்றில் சேரும் ஒரு கிளையாறு. மலாய்ப் பெயரோடு அப்படியே தீர்த்தமாக ஏற்கப்பட்டது. பெர்தாமின் நிலை இந்த இரண்டாவது வகை. இதுவே மரபின் ஆழத்துக்கு நெருக்கமானது, ஏனெனில் இங்கே கங்கையின் ஒரு துளிகூட அத்தாட்சியாகத் தேவைப்படவில்லை.

ஆனால் பெர்தாமுக்கு வேறெந்தத் தீர்த்தத்துக்கும் எளிதில் நேராத ஒன்று நேர்ந்தது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் கட்டி முடிக்கப்பட்டது. தெலோம் ஆற்று நீரும் சுரங்கம் வழியே இந்தப் பள்ளத்தாக்குக்குத் திருப்பப்பட்டது. தேங்கிய நீர் தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்த சுரங்கத்தில் புகுந்து, ஜோர் நிலத்தடி மின்நிலையத்தில் சுழலிகளைச் சுற்றிவிட்டு, பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அங்கிருந்து பேராக் ஆற்றோடு கூடி மலாக்கா நீரிணைக்குப் போகிறது. கிழக்குக் கடலுக்குப் பிறந்த நீரில் பெரும்பகுதி மேற்குக் கடலைச் சேர்கிறது. அணைக்கு மேலே ஓர் அஸ்தி கரைக்கப்பட்டால் அது பகாங் ஆற்றைக் காணாமலே போகலாம். நதியின் புனிதம் அதன் வழித்தடத்தில் இருந்தால் இது பெரிய இழப்பு. கலசத்தின் தத்துவப்படி பார்த்தால் இழப்பில்லை. குடத்தில் ஏறிப் பயணிக்கும் கங்கைக்குச் சுரங்கம் தடையாகாது.

தத்துவம் இவ்வளவு எளிதாகத் தப்பிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகள் வெட்டப்பட்டதால் மண் கரைந்து ஓடைகளில் இறங்கி, ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பெரும்பங்கைத் தின்றுவிட்டது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் கனமழையில் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. எந்த நீரிலும் கங்கையை அழைக்கலாம் என்ற கொள்கை, எந்த நீர் எப்படிக் கெட்டாலும் பரவாயில்லை என்ற அலட்சியத்துக்கு இடம் கொடுத்துவிடும் என்ற குற்றச்சாட்டு உண்டு. பாலில் நெய் உண்டு என்பதை முழுதாக ஏற்பவர் அதற்கு நேர்மாறான முடிவுக்கே வர வேண்டும்: அழைக்கப்படாத நாளிலும் அந்த ஓடை தீர்த்தமே. இந்தப் பள்ளத்தாக்குகளில் தமிழர்களுக்கு முன்பிருந்தே வாழும் செமாய் மக்களுக்கு இந்த ஆறுகள்தாம் வீட்டுத் தண்ணீர்; அவர்கள் குடிக்கும் நீரும் குருக்கள் கலசத்தில் எடுக்கும் நீரும் ஒரே நீர்.

திருவிழா முடிந்ததும் கரகத்தை எடுத்த இடத்துக்கே கொண்டுபோய், வேப்பிலையையும் பூவையும் கழற்றி, நீரை ஆற்றிலேயே விடுகிறார்கள். ஹாபுவைக் கடந்து அது ரிங்லெட் தேக்கத்துக்குப் போகிறது. அங்கே தேங்கிய வண்டலைத் தூர்வாரிக்கொண்டே இருக்கிறார்கள்.