போகிக்கு முன் ஓர் உழவாரம்

திருச்சிற்றம்பலம்.



தை பிறக்கப் போகிறது. மார்கழியின் கடைசி நாள் போகி. இந்த வாரம் சுங்கை சிப்புட்டில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் வாசலில் மெத்தை, பாய், திரைச்சீலை, உடைந்த நாற்காலி எல்லாம் வெயிலுக்கு வந்திருக்கும். உள்ளே அம்மா முக்காலி மேலே ஏறி நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருப்பார். மகன் எங்கே என்று கேட்டால், "அவனுக்கு என்னங்க தெரியும், அவன் கைப்பேசியோட உள்ளே இருக்கான்" என்று பதில் வரும்.

அந்த மகனுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

வீடு கூட்டுவதற்கும் சமயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வெளி அழுக்குக்குத் தண்ணீர் போதும், மனத்தழுக்கு போக உண்மை வேண்டும் என்ற கருத்தை வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். நம்ம பேச்சாளர்கள் இதைச் சொல்லிவிட்டு நேராக மனத்தூய்மைக்குத் தாவிவிடுவார்கள். தண்ணீரும் வாளியும் அங்கேயே நிற்கும்! நான் இன்றைக்குத் தாவப் போவதில்லை. வாளிப் பக்கத்திலேயே நிற்கப் போகிறேன்.

நம் சமயத்தில் துடைப்பத்துக்கு ஓர் இடம் உண்டு. பெரிய புராணத்தில் திலகவதியார் வருகிறார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோகிறார். பெற்றோரும் இல்லை. தம்பி ஒருவனுக்காக உயிர் தாங்கி நிற்கிறார் அந்த அம்மையார். அந்தத் தம்பியும் சமணத்துக்குப் போய்விடுகிறார். திலகவதியார் என்ன செய்தார்? திருவதிகை வீரட்டானத்தில் தங்கி, விடியுமுன் எழுந்து, கோயிலைக் கூட்டி, சாணமிட்டு மெழுகி, மாலை கட்டினார். சூலை நோய் தாங்காமல் தம்பி திரும்பி வந்தபோது திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். அப்போதும் அவர் கையில் துடைப்பமும் மெழுகுவதற்கான சாணமும் தண்ணீர்த் தோண்டியும் இருந்தன. தம்பிக்காக அன்றைய வேலையை அவர் நிறுத்தி வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தத் தம்பிதான் அப்பர். அக்காள் கூட்டுவதைப் பார்த்தவர், "அது பொம்பளைங்க வேலை" என்று சொல்லவில்லை. தானும் ஒரு கருவியைக் கையில் எடுத்தார். கோயிலில் நால்வர் சந்நிதி முன் நிற்கும்போது பாருங்கள். சம்பந்தர் கையில் தாளம் இருக்கும். அப்பர் தோளில் சாய்ந்திருப்பது உழவாரம், புல் செதுக்குகிற கருவி. பாட்டில் இத்தனை பெரிய ஆளை நம் முன்னோர் சிலையாக வடித்தபோது, அடையாளமாகப் புல்வெட்டியைத்தான் கொடுத்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். திருப்புகலூரில் அப்பர் புல் செதுக்கிக்கொண்டிருக்கிறார். அவரைச் சோதிக்க இறைவன், கருவி பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடக்கும்படி செய்கிறார். அப்பர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சரளைக்கல்லோடு சரளைக்கல்லாக அள்ளிப் பக்கத்துக் குளத்தில் வீசிவிட்டு அடுத்த புல்லுக்குப் போகிறார்.

பற்றற்றவர், அதனால் வீசினார் என்று சொல்லுவோம். சரிதான். ஆனால் சுத்தம் செய்கிற ஆளாக அவரை ஒரு நிமிஷம் பாருங்கள். அவருக்கு ஒரே கேள்விதான்: இது அடியார் நடக்கிற வழியில் கிடக்கலாமா, கூடாதா? கூடாதென்றால் பொன்னும் குப்பைதான். எது போகணும், எது இருக்கணும் என்று பார்க்கிற கண் இருந்தால்தான் அது உழவாரம். அது இல்லாமல் கூட்டினால் குப்பை இடம் மாறும், அவ்வளவுதான்.

நாம் போகிக்கு என்ன செய்கிறோம்? பளபளப்பாக இருப்பதை வைத்துக்கொள்கிறோம், மங்கலாக இருப்பதை வீசுகிறோம். கல்யாணத்தில் கிடைத்த கண்ணாடிக் கோப்பைத் தொகுதி பதினைந்து வருஷமாகப் பெட்டி பிரிக்காமல் அலமாரி மேலே இருக்கும், அதன் மேல் கரப்பான் குடும்பம் நடத்தும். அதைத் தொட மாட்டோம். "விலை கொடுத்து வாங்கினது." காலி ஐஸ்கிரீம் டப்பா நாற்பது இருக்கும். அதுவும் வேணும். தாத்தாவின் தகரப் பெட்டி மட்டும், "ஐயோ, பழசு, பூச்சி அரிச்சிருச்சு" என்று திறந்தும் பார்க்காமல் குப்பை லாரிக்குப் போய்விடும்.

தம்பி, அந்தப் பெட்டியை நிறுத்து. அதைக் கடைசியில் திறப்போம்.

முதலில் கொல்லைப்பக்கம் வா. ஏடிஸ் கொசு முட்டையை நடுத்தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீர் விளிம்பை ஒட்டி, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி மழை பெய்தால் பொரிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூஜை அறைப் பூச்சாடி, கும்பச் செம்பு, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, செடித்தட்டு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். பால்மரம் வைத்திருந்த குடும்பங்களில் பழைய பால்மங்குகள் கொல்லையில் அடுக்கிக் கிடக்கும், அவற்றையும் பாருங்கள். கோயிலில் நேர்த்திக்குத் தேங்காய் உடைத்துவிட்டுச் சிரட்டையை மரத்தடியில் போட்டுவிட்டுப் போகிறோமே, அதிலும் மழைநீர் நிற்கும். வேண்டுதல் நம்முடையது, டெங்கி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. இதை நான் கோபமாகத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்குள் எப்போதும் மேலிருந்து கீழே வர வேண்டும். முகடு, காற்றாடி, அலமாரி மேல்தட்டு, பிறகுதான் தரை. தரையைத் துடைத்துவிட்டு ஒட்டடை அடிக்கிறவர்கள் இரண்டு தடவை துடைக்கிறார்கள். குளியலறையில் ஓர் எச்சரிக்கை. வெளுக்கிற பிளீச்சையும், கறை போக்குகிற அமிலத்தையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. "ரெண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்" என்று அம்மா சொன்னால், வாளியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாமி மேடைக்கு வருவோம். குத்துவிளக்கை எடுத்தவுடன் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறவரை புளி பித்தளையில் பிடிக்காது. முதலில் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுப் பிசுக்கை எடுத்துவிட்டு, பிறகு புளி. கடைசியில் ஈரமில்லாமல் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுநாளே கறுக்கும்.

மங்கிப்போன சாமிப் படங்களை என்ன செய்வது? இதைத்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். வீசப் பயம், வைக்க இடமில்லை. உடனே கொண்டுபோய்க் கோயில் அரசமரத்தடியில் வைத்துவிடுகிறோம். போகி முடிந்து பாருங்கள், கண்ணாடி உடைந்து, நாய் படுத்து, மழையில் ஊறி, லட்சுமியும் முருகனும் மரத்தடியில் கிடப்பார்கள். பயந்துகொண்டு செய்த காரியம் அவமரியாதையில் முடிகிறது. வீட்டில் மாட்டியிருக்கிற அச்சுப்படம், கோயில் மூலவரைப் போல ஆகம முறைப்படி பிரதிஷ்டை செய்த திருமேனி அல்ல. கும்பிட்ட நன்றிக்காக மரியாதை செய்ய வேண்டும், பயப்பட வேண்டியதில்லை. ஒரு சூடம் காட்டி விடைபெறுங்கள். சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றுங்கள், சட்டம் இன்னொரு படத்துக்கு ஆகும். காகிதத்தை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, கால் படாத செடியடியில் மண்ணுக்குள் போட்டு மூடுங்கள். களிமண் பிள்ளையாரும் அப்படியே வாளியில் கரைவார். சாயம் பூசிய பாரிஸ் சாந்து பொம்மைகள் லேசில் கரையாது, அவற்றை ஆற்றில் கொண்டுபோய் விடாதீர்கள். தினம் அபிஷேகம் செய்து வந்த விக்கிரகம் என்றால் மட்டும் குருக்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

இப்போது அந்தத் தகரப் பெட்டி.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. 1948 ஜூன் 16-ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து அவசரகாலம் பிறந்தது. அந்த ஆண்டிலேயே மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பதிவு செய்து அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு நம் பையில் இருக்கிற ஐ.சி.யின் கதை, ஒரு வகையில் நம்ம ஊர் பால்மரக் காட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் அந்த ஐ.சி. ஒழுங்காகக் கிடைக்காத பிள்ளைகள் இன்றும் நம் சமுதாயத்தில் இருக்கிறார்கள். சிவப்பு அட்டையோடு வாழ்ந்து மறைந்த பெரியவர்களும் இருக்கிறார்கள்.

காரணம் பல நேரம் ஒரு காகிதம்தான். தோட்டம் கைமாறியபோது, துண்டு போட்டு விற்கப்பட்டபோது, லயத்தைக் காலி செய்துவிட்டு மூட்டை முடிச்சோடு வெளியே வந்தார்கள். பாயும் பாத்திரமும் வந்தன, பத்திரங்கள் வரவில்லை. வந்ததையும் பிறகு ஒரு போகிக்கு நாமே வீசியிருப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது பாருங்கள். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபர் மாதத்துக்கு முன்வரை இந்த மண்ணில் பிறந்தவர், பிறந்ததினாலேயே குடிமகன். 1963 செப்டம்பர் 16-க்குப் பிறகு இங்கே பிறந்தவருக்கு, தாய் தந்தையில் ஒருவராவது பிறப்பின்போது குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ பெற்றவராக இருந்திருக்க வேண்டும். பெற்றோர் திருமணம் சட்டப்படி செல்லாது என்றால் தகப்பனாரின் குடியுரிமை பிள்ளைக்கு உதவாது, தாயின் நிலையைத்தான் பார்ப்பார்கள். 1982 மார்ச் 1 முதல் நம் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயம். அதற்குப் பிறகும் கோயிலில் தாலி கட்டியதோடு சரி என்று விட்டவர்கள் எத்தனை பேர்! ஆகவே பாட்டியின் பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, தோட்டத்து மருந்தகச் சீட்டு, திருமணப் பதிவு, தாத்தாவின் மரணப் பத்திரம், 1951-ல் தொடங்கிய சேமநிதியின் பழைய கணக்குத்தாள் — நிறம் மங்கிய இந்தக் காகிதங்கள் ஒரு பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் வேலையையும் தீர்மானிக்கும். பூச்சி அரித்த மூலையிலேயே பதிவு எண் இருக்கலாம்.

அதனால் இந்தப் போகிக்குத் தகரப் பெட்டி பிள்ளைகளின் பொறுப்பு. பாட்டியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு காகிதமாக எடுத்து, "இது யாருதும்மாச்சி?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பென்சிலில் ஒரு தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள், பத்திரத்தின் மேலேயே எழுதிவிடாதீர்கள். கைப்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், கைப்பேசிக்கும் அன்றைக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கும். பிளாஸ்டிக் உறை தைக்கிற கடையில் கொண்டுபோய் ஒட்டி மூடிவிடாதீர்கள், அதைப் பிறகு பிரிக்க முடியாது. வெறும் கோப்பு உறை போதும். யார் பெயரில் என்ன இல்லை என்பதை ஒரு பட்டியல் போட்டு, தேசியப் பதிவிலாகாவுக்கு யார் யாரைக் கூட்டிப் போவது என்று பொங்கலன்று குடும்பமாகப் பேசி முடிவெடுங்கள். சேமநிதியில் வாரிசு பெயர் இருக்கிறதா என்பதையும் கேட்டு வாருங்கள். எழுத்தும் காலமும் மங்கிக்கொண்டே போகின்றன, பாட்டியின் ஞாபகமும்தான்.

போகியன்று கொளுத்துவது பற்றி ஒரு வார்த்தை. வீதியில் பழைய பாயையும் டயரையும் எரிப்பதுதான் போகி என்று சில தம்பிமார் நினைக்கிறார்கள். திறந்த வெளியில் குப்பை எரிப்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம், அந்தப் புகை முதலில் போவது பக்கத்து வீட்டு ஆஸ்துமாக்காரர் நெஞ்சுக்குள். வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றால் அகல் விளக்கில் ஒரு திரி ஏற்றி, வாசலில் வைத்துக் கும்பிடுங்கள். நம் சீன அண்டை வீட்டாரும் சீனப் பெருநாளுக்கு முன்னால் வீட்டைப் புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்கிறார்கள், யாரும் தெருவில் மெத்தையைக் கொளுத்துவதில்லை.

கட்டிலும் அலமாரியும் நல்ல நிலையில் இருந்தால் குப்பைக்குப் போகுமுன் நான்கு பேரைக் கேளுங்கள். அந்தக் கண்ணாடிக் கோப்பைத் தொகுதியைப் பிரித்து, பொங்கலுக்கு வருகிறவர்களுக்கு அதிலேயே காப்பி கொடுங்கள். அம்மா கொஞ்சம் சத்தம் போடுவார், பரவாயில்லை.

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் வளாகத்தில் சிரட்டை பொறுக்கி, மரத்தடிப் படங்களை எடுத்து முறைப்படி கரைக்கப் போகிறோம். ஆண்பிள்ளைகள் தவறாமல் வாருங்கள். கூட்டுமாறும் கையுறையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்தால் நல்லது, வாளிகள் கோயிலில் இருக்கின்றன.

திருச்சிற்றம்பலம்.