கரணம் கெட்டால் ஆள் கெடுமா?

1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், மறதி முற்றி இறந்த ஒரு பெண்ணின் மூளையில் கண்ட படிவுகளைப் பற்றிப் பேசினார். அவை அமிலாய்டு பீட்டா என்னும் புரதத் துணுக்கால் ஆனவை என்று 1980-களில் தெரிந்தது. அதைக் கரைப்பதும் சேரவிடாமல் தடுப்பதுமே பிறகு ஆராய்ச்சியின் பெரிய வேலையாகிவிட்டது. 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் என்னும் மருந்து படிவைப் பெருமளவு நீக்குகிறது. ஆனால் 18 மாதச் சோதனையில் நோய் முற்றும் வேகம் 27 விழுக்காடுதான் குறைந்தது. படிவு இருந்தும் அறிகுறி தெரியாத முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சொலனெசுமாப் என்னும் மருந்து பலன் தரவில்லை. ஆய்வாளர் டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரீகளைத் தொடர்ந்து ஆராய்ந்ததில், மூளை நிறையப் படிவு இருந்த சிலர் சாகும்வரை தெளிவாகவே இருந்தது தெரிந்தது. படிவின் அளவு வேறு, அறிவின் நிலை வேறு.

அறிவும் போய்விட்டால் ஆள் மிஞ்சுகிறாரா? தர்மபுரி மாவட்டத்தின் கம்பைநல்லூரில், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத ஒரு தாய் இருந்தால், அந்த வீட்டில் எழும் கேள்வி இதுதான். 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கும் கருவிகளே (கரணங்களே), உயிர் இவற்றில் ஒன்றன்று என்று வாதிடுகிறார். அந்தத் தாய் இழந்தது கருவியைத்தான் என்பது என் கட்சி. சாதுவாக இருந்தவர் சிடுசிடுப்பாகிவிடுகிறாரே, குணமே மாறியபின் எந்த உயிர் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்று சைவ சித்தாந்தம் முன்பே சொல்லிவிட்டது. குணமாற்றம் அதற்கு அதிர்ச்சியன்று. உயிரை நுண்ணோக்கியில் காட்ட முடியாதுதான். காட்ட முடியாததால் அது இல்லை என்று ஆகிவிடாது. அந்தத் தாயை வெறும் பொருளாக நடத்த அந்தக் காட்ட முடியாமை உரிமையும் தராது.

அப்படியானால் தடுப்பு எதற்கு, எல்லாம் வினைப்பயன்தானே என்பார்கள். கண்புரைக்கு அறுவை செய்துகொள்ளும்போது யாரும் வினையைக் கேட்பதில்லை. தனுவும் (உடலும்) கரணமும் உயிர் பக்குவப்படத் தரப்பட்டவை என்று நம்புகிறவர், அவற்றை வீணே கெடவிட்டால்தான் தப்பு. லெகனெமாப் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து. மூளையில் வீக்கமோ கசிவோ இருக்கிறதா என்று அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். கம்பைநல்லூருக்கு அது எட்டாது. எட்டக்கூடியது வேறு: காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை முதலிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகின் மறதிநோயில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு கணித்தது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் அந்த மாத்திரையையும் விடாமல் விழுங்கலாம். இரண்டுக்கும் சண்டை இல்லை.